பட்டறைப் பதில்கள்: ஐந்து பேர் ஏறும் குடும்பத்துக்கு எந்த ரகம், எந்த என்ஜின்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் நான்கு பக்கம். எழுதியவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஓர் ஆசிரியை. காரின் நிறத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. காரில் யார் யார் உட்காருவார்கள் என்பதுதான் நான்கு பக்கமும். எல்லாரும் இப்படிக் கேட்டால் என் வேலை பாதி குறையும். அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பிரிவில் இருக்கிறார். பீடோரை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்) வீடு. பிள்ளைகளுக்கு வயது ஒன்பதும் மூன்றும். மாமியார் எங்களோடு இருக்கிறார். முழங்கால் வலியால் மடக்கு நாற்காலி இல்லாமல் வெளியே வர மாட்டார். நான் தினமும் தாப்பாவுக்குப் போய்வருகிறேன். மாதம் ஒருமுறை மாமியாரை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கேமரன் மலையில் நாத்தனார் வீட்டுக்குப் போவோம். ஞாயிறுதோறும் கணவர் பிறந்த தோட்டத்துக் கோயிலுக்குப் போவோம். அங்கே இன்னும் செம்மண் சாலைதான். பழைய காரைப் பதினான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டோம். புதியதையும் அப்படித்தான் வைத்திருப்போம். கணவர் புரோட்டோன் எஸ்70 டர்போ வேண்டும் என்கிறார். எனக்கு ஹோண்டா சிட்டி பிடித்திருக்கிறது. ஒரே காரில் கீழ் ரகத்துக்கும் மேல் ரகத்துக்கும் மாதம் நூற்றுச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்)தான் வித்தியாசம் என்று விற்பனையாளர் சொல்கிறார். எங்களால் மாதம் 900 வெள்ளிக்கு மேல் கட்ட முடியாது. எந்த என்ஜின், எந்த ரகம்? பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் எடுக்கலாமா?

பதில்: டீச்சர், முதலில் உங்கள் வீட்டுப் பாரத்தைக் கணக்குப் போட்டேன். நீங்கள் இருவர், மாமியார், இரண்டு பிள்ளைகள், மடக்கு நாற்காலி, பைகள், கேமரனிலிருந்து திரும்பும்போது நாத்தனார் கட்டாயம் ஏற்றிவிடும் காய்கறி மூட்டை. எப்படியும் 300 கிலோ வரும். நீங்கள் பார்க்கும் அளவிலான செடான் கார்களின் எடை 1,100 கிலோவிலிருந்து 1,300 கிலோ வரை. அப்படியென்றால் காரின் எடையில் கால் பங்கை நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். விற்பனையாளரோடு இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து, சமதரையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இந்தப் பாரம் தெரியவே தெரியாது.

என்ஜினை எடுத்துக்கொள்வோம். சிட்டியில் உள்ள டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத 1.5 லிட்டர் என்ஜின் 121 குதிரைத்திறனும் 145 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் (சக்கரத்தைத் திருப்பும் பலமும்) தருகிறது. அந்த முறுக்கு விசை முழுதாகக் கிடைப்பது நிமிடத்துக்கு 4,300 சுற்றில். எஸ்70 2023 நவம்பரில் அறிமுகமானபோது வந்த 1.5 டர்போ என்ஜின் 150 குதிரைத்திறன், 226 நியூட்டன் மீட்டர். டர்போ தன் பலத்தைக் குறைந்த சுற்றிலேயே கொடுத்துவிடும். உங்கள் கணவர் ஆசைப்படுவதில் தவறே இல்லை. தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் பழைய சாலையில், எதிரே காய்கறி லோரி இறங்கிவரும் வளைவுக்குப் பிறகு மீண்டும் வேகம் எடுக்கும்போது அந்த வித்தியாசம் முதுகில் தெரியும்.

இன்னொன்றும் அவருக்குச் சாதகமாகச் சொல்லவேண்டும். கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் தன் பலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கும். கீழே 121 ஆக இருந்தது மேலே 105க்குப் பக்கத்தில் நிற்கும். டர்போ மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு அதில் மிகக் குறைவு.

இத்தனையும் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது டர்போ இல்லாத 1.5தான்.

காரணத்தை உங்கள் கணவரிடம் அவருடைய ஆலை மொழியிலேயே சொல்கிறேன். ஆலையில் செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து நீராவி எடுத்து டர்பைன் சுழற்றுகிறீர்கள். அந்த டர்பைனின் தாங்கிக்கு எண்ணெய் ஒரு நிமிடம் போகவில்லை என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காரின் டர்போவில் நீராவிக்குப் பதில் என்ஜின் விடும் புகை, அவ்வளவுதான் வேறுபாடு. உள்ளங்கை அளவுச் சக்கரம் நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைக் காப்பாற்றுவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். முழுச் செயற்கை எண்ணெயை நாள் தவறாமல் மாற்றினால் டர்போ நீண்ட காலம் உழைக்கும். ஆனால் என் பட்டறைக்கு வரும் கார்களில் எண்ணெய் மாற்றும் நாளை மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போடாதவர்கள் மிகச் சிலர். பள்ளிக்கூடக் கட்டணம் வரும், தீபாவளி வரும், எண்ணெய் அடுத்த மாதத்துக்குப் போகும். டர்போ இல்லாத என்ஜின் அதைப் பல முறை பொறுத்துக்கொள்ளும். டர்போ அவ்வளவு பொறுக்காது. பதினான்கு ஆண்டு வைத்திருப்போம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது ஆண்டில், உத்தரவாதம் எப்போதோ முடிந்துபோன நாளில், அந்தச் சின்னச் சக்கரம் போனால் மாதத் தவணை போல மூன்று நான்கு மடங்கு ஒரே நாளில் கேட்கும்.

மலை ஏறுவது ஆண்டுக்கு இரண்டு முறை. தாப்பாவுக்குப் போவது ஆண்டுக்கு ஏறக்குறைய இருநூறு நாள். 1.5 என்ஜினோடு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கேமரன் போனால் என்ஜின் உரக்கச் சத்தம் போடும். சிவிடி எனும் படியில்லாத தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி சுற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். பலர் இதைக் கேட்டுப் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அது வேலை செய்யும் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது இறங்கும்போதுதான். கியரை 'டி'யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியவர்களின் கார்களைத் தாப்பா அடிவாரத்தில் கருகல் வாடையோடு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குறைந்த கியரில், அல்லது சிவிடியில் உள்ள 'எல்', 'எஸ்' நிலையில் போட்டு என்ஜினையே காரைப் பிடிக்கவிடுங்கள். அந்த நிலைக்கு எப்படி மாற்றுவது என்று கார் எடுக்கும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரகம். இதில் நான் கொஞ்சம் உரத்துப் பேசுவேன். அதற்குக் காரணம் உண்டு.

2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். பின் இருக்கையில் இருப்பவர்களும் இருக்கை வார் போடவேண்டும் என்ற சட்டம் 2009 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. இது அதற்குச் சற்று முன்னால். அந்த ஆண்டுதான் நான் முதன்முதலாகப் புதுக் கார் வாங்கினேன். அதற்கு முன் எல்லாமே அடுத்தவர் ஓட்டி முடித்த கார்கள். கீழ் ரகத்துக்கும் அடுத்த ரகத்துக்கும் சில ஆயிரம் வெள்ளி வித்தியாசம். மேலே உள்ளதில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிடிக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் காற்றுப் பையும் இருந்தன. நான் கீழ் ரகத்தை எடுத்து, மிச்சப்பட்ட பணத்தில் அலுமினிய ரிம்மும் பாட்டுப் பெட்டியும் போட்டேன். பதினான்கு வயதில் ஒரு தவுக்கே முதலாளியின் பட்டறையில் சேர்ந்து பிரேக் பிரித்துப் பழகியவன் நான். எனக்குத் தெரியாத பிரேக்கா என்று நினைத்தேன்.

ஒரு மாலை, நல்ல மழை, கூட்டரசு சாலை. முன்னால் போன லோரியிலிருந்து ஒரு செம்பனைக் குலை உருண்டு சாலையில் விழுந்தது. இருபது கிலோ இருக்கும். பிரேக்கை மிதித்தேன். நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டன. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பவில்லை. சறுக்கிக்கொண்டே போய்ச் சாலையோரக் கால்வாயில் இறங்கியது. பின்னால் வார் போடாமல் உட்கார்ந்திருந்த என் மகளின் வலக்கை முறிந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. இன்று அவள் ஈப்போவில் வேலை செய்கிறாள், அந்தக் கையால்தான் எழுதுகிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் மழை நாளில் அந்தக் கை வலிக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அலுமினிய ரிம்தான் கண்ணில் வரும்.

ஆகவே டீச்சர், ரகப் பட்டியல் கையில் வந்ததும் ஒரு பேனாவை எடுங்கள். பின்னால் பணம் சேர்ந்தபோது பொருத்திக்கொள்ளக்கூடியவை அனைத்தையும் அடித்துவிடுங்கள். தோல் இருக்கை உறை, பெரிய திரை, ரிம், ஒளிவிளக்கு அலங்காரம், பின்பக்கக் கேமரா எல்லாம் அடிபடும். இவற்றை எங்கள் ஊரிலேயே நான்கு கடையில் பொருத்தித் தருவார்கள். தொழிற்சாலையில் மட்டுமே பொருத்தக்கூடியவை மிச்சமிருக்கும்: எத்தனை காற்றுப் பை, கார் சறுக்கும்போது தானே நிலைப்படுத்தும் வசதி, முன்னால் தடை வந்தால் தானே பிரேக் பிடிக்கும் வசதி, பின் இருக்கையில் மூன்று பேருக்கும் தோள்வார், குழந்தை இருக்கையைக் கொக்கி மாட்டிப் பூட்டும் ஐசோபிக்ஸ். உங்கள் சின்னவளுக்குக் குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் சட்டப்படியே கட்டாயம். இவை அனைத்துக்கும் குறி விழும் ரகங்களிலேயே ஆகக் கீழானது எதுவோ, அதுதான் உங்கள் கார். தானே பிரேக் பிடிக்கும் வசதி ஒரு காலத்தில் உச்ச ரகத்தில் மட்டும் இருந்தது. இப்போது கீழே இறங்கி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு படியில் நிறுத்தியிருக்கிறது. விற்பனையாளர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, அச்சிட்ட தாளில் அந்த ரகத்துக்கு நேரே குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் செம்மண் சாலைக்கு ஒரு நல்ல செய்தி. கீழ் ரகத்தின் சின்ன ரிம் உங்களுக்குப் பெரிய ரிம்மைவிட நல்லது. சிட்டி எஸ் ரகத்தில் 15 அங்குல ரிம், டயர் 185/60. மேல் ரகங்களில் 16 அங்குலம், டயர் 185/55. கணக்குப் போட்டால் டயரின் பக்கச் சுவர் கீழ் ரகத்தில் 111 மில்லிமீட்டர், மேல் ரகத்தில் ஏறத்தாழ 102. ஒன்பது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குலை லோரிகள் போய்ப் போய்த் தோண்டிய பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அந்த ஒன்பது மில்லிமீட்டர் ரப்பர்தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது. வளைந்த ரிம்மோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பெரிய ரிம்காரர்கள். டயர் மாற்றும்போதும் 15 அங்குலம் மலிவு.

தோட்டத்துப் பக்கம் நிறுத்தும் காருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: எலி. செம்பனைப் பழத்தைத் தின்று கொழுத்த எலிகளைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைக் கூடு வைத்திருப்பதை உங்கள் கணவர் காட்டுவார். அந்த எலிகள் சூடான என்ஜினுக்கடியில் ஏறிக் கம்பியைக் கடிக்கும். வாரம் ஒருமுறை முன்மூடியைத் திறந்து பாருங்கள்.

இப்போது பணம். வாடகைக் கொள்முதல் கடனில் வட்டி முழுத் தொகைக்கும் முழுக் காலத்துக்கும் சேர்த்துப் போடப்படுகிறது என்று வைத்துக் கணக்கிடுகிறேன். வட்டி 3 விழுக்காடு, ஒன்பது ஆண்டு, முன்பணம் பத்து விழுக்காடு. விலைகள் 2023இல் இந்தக் கார்கள் வெளிவந்தபோது அறிவித்தவை, காப்புறுதி சேராதவை. இன்றைய விலையைப் போட்டு நீங்கள் மறுபடி பார்க்கவேண்டும். சிட்டி எஸ் 84,900 வெள்ளி: மாதம் 899. அதன் இ ரகம் 89,900: மாதம் 951. வி ரகம் 94,900: மாதம் 1,004. எஸ்70இல் கீழிருந்து இரண்டாவதான பிரீமியம் ரகம் 79,800: மாதம் 845. அதன் பிளாக்‌ஷிப் ரகம் 89,800: மாதம் 950.

விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. எஸ் ரகத்துக்கும் வி ரகத்துக்கும் மாதம் 106 வெள்ளிதான் வித்தியாசம். ஆனால் அவர் மாதத்தை மட்டும் சொன்னார். 106ஐ 108 மாதத்தால் பெருக்கி, முன்பணத்தில் கூடும் ஆயிரத்தையும் சேர்த்தால் பன்னிரண்டாயிரத்து நானூறு வெள்ளிக்கு மேல். அதில் பாதுகாப்புக்கு எவ்வளவு, தோலுக்கும் திரைக்கும் எவ்வளவு என்று அந்தத் தாளைப் பார்த்தே நீங்கள் பிரிக்க முடியும். உங்கள் பட்டியலில் வேண்டிய குறிகள் எஸ் ரகத்தில் முழுதாக விழவில்லை என்றால், இன்னும் ஆறு மாதம் பொறுத்து முன்பணத்தைக் கூட்டிக்கொண்டு இ ரகத்துக்குப் போங்கள். பழைய கார் ஓடும் வரை ஓடட்டும். அவசரப்பட்டு வாங்கிக் காற்றுப் பையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஹைபிரிட் நல்ல தொழில்நுட்பம். சிட்டியின் ஹைபிரிட்டில் மின்மோட்டார் 253 நியூட்டன் மீட்டர் தருகிறது. மலைக்கு அது தேன். ஆனால் 2023இல் ஆக மேல் ரகமான ஆர்எஸ்ஸில் பெட்ரோல் காரைவிட அது 12,000 வெள்ளி கூடுதல். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டி, நூறு கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் மிச்சம் பிடித்தாலும் 400 லிட்டர். 2025 செப்டம்பர் 30ஆம் நாள் பொதுமக்களுக்குத் தொடங்கிய பூடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 வெள்ளி விலையில் அது 796 வெள்ளி. பன்னிரண்டாயிரத்தை மீட்கப் பதினைந்து ஆண்டு. பின்பெட்டியும் 519 லிட்டரிலிருந்து 410க்குக் குறைகிறது. மாமியாரின் நாற்காலியை அதில் வைத்த பிறகு காய்கறி மூட்டை பிள்ளைகளின் காலடிக்கு வந்துவிடும். உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. காட்சிக்கூடத்துக்கு மாமியாரையும் நாற்காலியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பின்கதவைத் திறந்து தானாக உட்காரட்டும், தானாக எழட்டும். முழங்கால் மடக்குவதற்கு இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். எந்த அட்டவணையிலும் அந்த எண் இருக்காது. டொயோட்டா வியோஸையும் அதே நாளில் பாருங்கள். அதுவும் டர்போ இல்லாத 1.5தான், 106 குதிரைத்திறன். பலம் கொஞ்சம் குறைவு, ஆனால் அவருக்கு அந்த இருக்கை பிடித்துப்போகலாம்.

கேள்வி: அண்ணே, அப்பா தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றுவிட்டார். சேமநிதிப் பணத்தில் அம்மாவும் அவரும் போய்வர பெரோடுவா பெஸ்ஸா வாங்க நினைக்கிறார். 1.0 என்ஜின் போதும், சாலை வரி 20 வெள்ளிதான் என்கிறார். எனக்கு 1.3 வாங்கிக் கொடுக்க ஆசை. யார் சொல்வது சரி? (சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: தம்பி, இந்த முறை நீங்கள் சொல்வதுதான் சரி. ஆயிரம் சிசி வரை சாலை வரி 20 வெள்ளி, 1.3க்கு 70 வெள்ளி. ஆண்டுக்கு ஐம்பது வெள்ளி வித்தியாசம். ஒரு நாளைக்குப் பதினான்கு காசு. இதற்காக என்ஜினைச் சுருக்க வேண்டாம். 1.0 மூன்று சிலிண்டர், 67 குதிரைத்திறன். 1.3 நான்கு சிலிண்டர், 94 குதிரைத்திறன். அப்பாவும் அம்மாவும் மட்டும் என்று இப்போது சொல்வார்கள். தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் புறப்படும்போது அத்தையும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஏறிக்கொள்வார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. பெஸ்ஸா 2016இல் வந்தபோது ஆசியான் என்கேப் மோதல் சோதனையில், சறுக்கலைக் கட்டுப்படுத்தும் விஎஸ்சி உள்ள ரகத்துக்கு ஐந்து நட்சத்திரமும், இல்லாத ரகங்களுக்கு நான்கும் கிடைத்தன. ஒரே கார், ஒரே உடல். ரகத்தால் ஒரு நட்சத்திரம் போனது. நீங்கள் வாங்கும் ரகத்தில் விஎஸ்சி இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

லோரி ஓட்டியவர் கையால் மாற்றும் கியரைத்தான் கேட்பார். முப்பது ஆண்டு கிளட்ச் மிதித்த இடது முழங்கால் இனி ஓய்வெடுக்கட்டும். தானியங்கி எடுத்துக் கொடுங்கள். ஒரு வாரம் முணுமுணுப்பார், பிறகு சாவியை யாரிடமும் தரமாட்டார். இன்னொன்று: சேமநிதியை மொத்தமாகக் காரில் போட விடாதீர்கள். நீங்கள் சம்பாதிக்கிறீர்கள் என்றால் பாதியை உங்கள் பெயரில் தவணையாகக் கட்டுங்கள். கார் ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்கும். அவருக்கு மருந்துச் செலவு ஏறும்.

கேள்வி: புதிய 1.3 கார் வாங்கும் பணத்தைவிடக் குறைவாகவே பதினோரு ஆண்டு பழைய 2.0 லிட்டர் பெரிய செடான் கிடைக்கிறது. தோல் இருக்கை, ஆறு காற்றுப் பை, எல்லாமே இருக்கிறது. பாதுகாப்புதான் முக்கியம் என்று நீங்களே எழுதுகிறீர்கள். வாங்கலாமா? (தெலுக் இந்தான் வாசகர்)

பதில்: என் வார்த்தையை எனக்கே திருப்பித் தருகிறீர்கள், நியாயம்தான். பெரிய கார் பழையதானாலும் மோதலில் கனமாக நிற்கும், உண்மை. ஆனால் விலை மட்டும்தான் இறங்கியிருக்கிறது. உதிரிப் பொருளின் விலை அது புதிதாக இருந்தபோது இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1,998 சிசிக்குச் சாலை வரி 379 வெள்ளி. நான்கு டயர், முன் சஸ்பென்ஷன் கைகள், பற்சக்கரப் பெட்டி எண்ணெய், தேய்ந்துபோன ரப்பர் புஷ்கள் என்று முதல் ஆண்டிலேயே ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் வாங்குங்கள். இருக்கும் பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட்டு வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தின் சோதனை உண்டு என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும். அடுத்த ஆண்டு என்ன கேட்கும் என்று பார்க்காது. நீங்களே ஒரு காரியம் செய்யுங்கள். பின் இருக்கை வாரைப் பிடித்து, கடைசி வரை வெளியே இழுங்கள். சுருளின் அடியில் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடோ பூஞ்சை வாடையோ இருந்தால் அந்தக் கார் வெள்ளத்தில் நின்றது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை கார் மூழ்கியது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவையெல்லாம் குப்பைக்குப் போய்விடவில்லை. இருக்கையைக் கழுவுவார்கள், கம்பளத்தை மாற்றுவார்கள், வாரைக் கடைசி வரை இழுத்துக் கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. தண்ணீர் புகுந்த காரில் காற்றுப் பை ஆறு இருந்தாலும் அதன் கம்பி வேலை செய்யுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கேள்வி: புதுக் காருக்கு இலவசமாகக் கண்ணாடிக் கருப்புத்தாள் ஒட்டித் தருகிறார்கள். ஆகக் கருப்பானதைக் கேட்டு வாங்கலாமா? (பாகான் டத்தோ வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. 2019 மே மாதம் திருத்திய விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடி 50 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விடவேண்டும். பின்னால் உங்கள் விருப்பம். வெயிலைத் தடுப்பது கருப்பு நிறம் அல்ல, தாளின் தரம். வெளிர் நிறத்திலேயே வெப்பத்தைத் தடுக்கும் தாள்கள் இருக்கின்றன. இலவசத் தாளை முன்னால் ஒட்டவிடாமல், அந்தத் தொகையைக் கழித்துக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்ச் சாலையில் இரவு எட்டு மணிக்கு விளக்கில்லாத சைக்கிளில் ஆலை வேலை முடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், சாலை நடுவே மாடும் படுத்திருக்கும். முன்கதவுக் கண்ணாடி வழியாகத்தான் அவர்களை நீங்கள் முதலில் பார்ப்பீர்கள்.